சுவரைப் பார்த்துவிட்டு மலையைப் பார்க்காமல் போன அதிகாரிகளுக்கு

இலங்கையின் மலையகத்தில் புயலுக்குப் பின் கட்டடங்களைப் பரிசோதிக்கவும், தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளான லயங்களை இடிக்கவும், முகாம்களை மூடவும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்தை இடிப்பதென்றும், அதற்குக் கீழே இருக்கும் பணிய லயத்து ஆட்கள் முகாமைவிட்டுத் தங்கள் காம்பராக்களுக்கு, அதாவது ஒற்றையறை வீடுகளுக்கு, திரும்பலாமென்றும் நீங்கள் எடுத்திருக்கும் தீர்மானத்தை நாங்கள் ஏற்கவில்லை. அந்தத் தீர்மானம் எங்களுக்குக் கடிதமாக வரவில்லை. வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் வெளிக்கள உத்தியோகத்தர் வாயால் சொன்னார், அவ்வளவுதான். மறுநாள் மேட்டு லயத்துக் கதவுகளில் சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டிருந்தது. பணிய லயத்துக் கதவுகளில் ஒன்றுமில்லை. குறி இல்லாவிட்டால் பயமில்லை, போய் இருக்கலாம் என்றார்கள்.

நான் பணிய லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்தெடுத்தவர், அப்பா கவ்வாத்து வெட்டியவர். இப்போது தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டபோது மக்கள் ஓடிவந்து ஏறியது எங்கள் பாடசாலைக்குத்தான். இன்றுவரை பழைய மண்டபத்தில் குடும்பங்கள் பாய் விரித்துப் படுக்கின்றன. அந்தப் புயலும் வெள்ளமும் மண்சரிவும் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. எங்கள் தோட்டத்தில் உயிர் போகவில்லை. மலையில் இரைச்சல் கேட்கிறது, பீலித் தண்ணீர் கலங்கி வருகிறது என்று பெரியவர்கள் சொன்னதும் ஆட்கள் இரவோடிரவாக லயத்தைவிட்டு இறங்கியதுதான் அதற்குக் காரணம். அதே பெரியவர்களிடம் உங்கள் குழு ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லயத்தை இடிக்காதீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவும் முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு திண்ணையுமாக வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியவை அவை. இவை மனிதர் வாழும் வீடுகள் இல்லை, தனி வீடு கொடுங்கள், காணி கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டே எங்கள் தலைமுறைகள் போயின. 2023இல் மலையகத் தமிழர் வருகையின் 200 வருடத்தை நினைவுகூர்ந்தபோதும் அதே கோரிக்கைதான் மேடைக்கு மேடை ஒலித்தது. லயம் போக வேண்டும். எந்த லயம் முதலில் போக வேண்டும், அதிலிருப்பவர்கள் அன்றிரவு எங்கே படுப்பார்கள், இடிக்கும்போது பக்கத்து லயத்துக்கும் கீழேயுள்ள லயத்துக்கும் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமல் பெக்கோ இயந்திரத்தை ஏற்றாதீர்கள் என்பதே எங்கள் வாதம்.

உங்கள் குழு வந்த அன்று நடந்ததை எழுதுகிறேன். ஜீப் கீழ்ப் பாதையில் நின்றது. இறங்கியவர்கள் மேட்டு லயத்தின் முன்பக்கமாக ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல்வரை நடந்தார்கள். கடைசி வீடான தொங்க வீட்டுச் சுவரில் கூரையிலிருந்து அத்திவாரம்வரை ஓடும் வெடிப்பைக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். பிறகு இறங்கிவந்து பணிய லயத்து இஸ்தோப்பில் நின்று, சுவரில் வெடிப்பில்லை, தகரம் இருக்கிறது, தரை காய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். கேள்விகள் சிங்களத்தில் வந்தன. வெளிக்கள உத்தியோகத்தர்தான் மொழிபெயர்த்தார். அவர் கம்பனியிடம் சம்பளம் வாங்குபவர். கம்பனியின் பொறுப்பிலிருக்கும் கட்டடத்தைப் பற்றி, கம்பனியின் மலையைப் பற்றி, அவரால் எவ்வளவு வாய் திறக்க முடியும் என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டும்.

பணிய லயத்து அக்கா ஒருவர் அப்போது சொன்னார்: “சார், சொவத்தப் பாத்தது போதும். பன்னெண்டாம் நம்பர் மலைக்கு ஒருக்கா ஏறி வாங்க. மண்ணு வாயப் பொளந்துகிட்டு கெடக்கு.” குழுவிலிருந்த இளம் அதிகாரி ஒருவர் ஏறப் புறப்பட்டார். மழை இறங்குகிறது, இன்னும் இரண்டு தோட்டம் பார்க்கக் கிடக்கிறது என்று மற்றவர்கள் அவரைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். அந்தத் தம்பிமீது எங்களுக்குக் கோபமில்லை. ஒரே நாளில் மூன்று தோட்டத்தைப் பார்த்து முடிக்கச் சொல்லி அவரை அனுப்பியவர்களிடம்தான் கேட்கிறோம்: மலைநாட்டில் கட்டடத்தின் பாதுகாப்பை மலை ஏறாமல் எப்படி மதிப்பிடுவது?

அவர் ஏறியிருந்தால் பார்த்திருக்கக்கூடியது இதுதான். பணிய லயத்துக்கு நேர் மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, பிறை வடிவில் ஒரு வெடிப்பு ஓடுகிறது. புயலுக்கு முன் அது இல்லை; அந்த மலையில் தினமும் கொழுந்தெடுக்கும் பெண்கள் சொல்கிறார்கள். மண்வெட்டிப் பிடியை உள்ளே விட்டால் முழுப்பிடியும் இறங்குகிறது. வெடிப்பின் கீழ்ப்பக்கத்து மண், மேல்பக்கத்தைவிட ஒரு சாண் தாழ்ந்து நிற்கிறது. அதாவது, அங்கே மண் வெறுமனே காய்ந்து வெடிக்கவில்லை, கீழ்நோக்கி இறங்கியிருக்கிறது. அந்த வரிசையில் நிற்கும் சவுக்கு மரங்கள் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. லயத்தின் பின்புறம், மலையை வெட்டிய மேட்டின் அடியில், முன்பு இல்லாத ஓர் ஊற்று கசிகிறது. வெயில் காலத்திலும் அது வற்றவில்லை. மழை பெய்தால் செம்மண் நிறத்தில் வருகிறது. பின்பக்கக் கக்கூஸ் கதவு இப்போது நிலையில் உட்காருவதில்லை.

மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவை இவைதான்: நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனத் தோன்றும் அல்லது மறையும் ஊற்று, கலங்கிய நீர், மூட முடியாத கதவு. பாடசாலைகளுக்கு அனுப்பப்படும் விழிப்புணர்வுத் தாள்களில் இருப்பவையும் இவைதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒப்புவிக்கும் அத்தனை அறிகுறியும் பணிய லயத்தின் முதுகுப்புறத்தில் இருக்கின்றன. உங்கள் குறிப்பில் ஒன்றுகூட இல்லை.

வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம் என்றுதான் எங்கள் இளைஞர்கள் வெடிப்பின் இருபுறமும் கம்பி முளை அடித்து, இரண்டுக்கும் நடுவே நைலோன் கயிற்றைத் தொய்வாகக் கட்டினார்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் டேப் பிடித்து அளந்து, திகதி போட்டு, ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதிவருகிறார்கள். தொய்வாகக் கட்டிய கயிறு இப்போது விறைத்து நிற்கிறது. அந்தக் கொப்பி பாடசாலையில் இருக்கிறது. வந்து பார்க்கலாம்.

மேட்டு லயத்தின் கதை வேறு. அது முகட்டில், ஓரளவு சமமான நிலத்தில் நிற்கிறது. அதன் தலைக்குமேல் மலை இல்லை. நீங்கள் படம் பிடித்த அந்த வெடிப்பு நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே இருந்தது. அதன்மேல் சீமெந்து பூசிய தடம் இன்னும் தெரிகிறது. அத்திவாரத்தின் ஒரு மூலை தாழ்ந்து பல வருடங்களாகின்றன. அதனால் அது பத்திரமானது என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் இடிக்க வேண்டியதுதான். ஆனால் அங்கே இருக்கும் ஆபத்துக்கு முட்டுக்கொடுத்து அவகாசம் வாங்க முடியும். தொங்க வீட்டுக் குடும்பத்தை மட்டும் உடனே மாற்றினால் போதும். பணிய லயத்துக்கு அப்படி முட்டுக்கொடுக்க முடியாது.

கட்டடம் தாங்குமா என்பது ஒரு கேள்வி. அது நிற்கும் நிலமும் அதற்கு மேலுள்ள சரிவும் தாங்குமா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதுக்குக் கட்டமைப்புப் பொறியியலாளர் வேண்டும், இரண்டாவதுக்கு மண்ணும் பாறையும் படித்தவர் வேண்டும். எங்கள் தோட்டத்தில் முதல் கேள்வி பாதி கேட்கப்பட்டது, இரண்டாவது கேட்கப்படவே இல்லை. நாட்டில் மண்சரிவு எச்சரிக்கை எப்படி விடப்படுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பு, 100க்கு எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். அந்தக் கணக்கில் சுவர் எங்கே வருகிறது? நீரைக் குடித்துக் கனத்த சரிவு எப்போது விடும் என்பதுதான் அங்கே கணக்கு. எச்சரிக்கை விடும்போது சரிவைப் பார்க்கும் அரசு, திருப்பி அனுப்பும்போது மட்டும் சுவரைப் பார்ப்பது எந்த நியாயம்?

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களைப் புதைத்தது மேலிருந்து வந்த மலை. அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். அவர்களுக்குப் போக வேறு இடம் காட்டப்படவில்லை. 2016 மே மாதத்தில் அரநாயக்க, சாமசர மலையிலும் அதைத்தான் பார்த்தோம்: மலை இறங்கி வரும்போது நல்ல வீடு, பழைய வீடு என்று பார்த்து வருவதில்லை. இந்தப் பெயர்களை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. பணிய லயத்துத் தாய்மார் முகாமைவிட்டு அசைய மாட்டோம் என்று உட்கார்ந்திருப்பது பிடிவாதத்தால் இல்லை, மீரியபெத்தை தெரிந்ததால்.

அவசரப் பரிசோதனையை முடிந்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டுக்கு வெளியேயும் சாட்சி உண்டு. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரை 2010 செப்டெம்பர் 4ஆம் திகதி பூமியதிர்ச்சி உலுக்கியது. கட்டடங்களை வேகமாகச் சுற்றிப்பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளை ஒட்டினார்கள். சி.டி.வி. கட்டடம் என்ற ஆறுமாடிக் கட்டடத்துக்குப் பச்சை கிடைத்தது. மக்கள் உள்ளே போய் வேலை செய்தார்கள், ஆங்கிலம் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்கள் வகுப்பில் இருந்தார்கள். 2011 பெப்ரவரி 22 அதிர்ச்சியில் அது அப்படியே அமர்ந்தது. அந்த ஒரு கட்டடத்தில் மட்டும் 115 பேர் இறந்தார்கள். பின்னர் நடந்த அரச ஆணைக்குழு விசாரணையில் கட்டடத்தின் வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தது தெரியவந்தது. வெளியிலிருந்து ஒருதரம் சுற்றிப்பார்க்கும் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? இப்போது அந்த நாட்டில் பச்சை அட்டையே இல்லை. மக்கள் அதைப் பார்த்துப் பத்திரம் என்று நம்பிவிடுகிறார்கள் என்பதால் வெள்ளை அட்டையாக மாற்றிவிட்டார்கள்.

அந்த அட்டைகளில் நாங்கள் பொறாமைப்படும் ஒரு விடயம் இருக்கிறது. பரிசோதித்தவர் யார், எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, வெளியே மட்டும் பார்த்தாரா, உள்ளேயும் போனாரா என்பதெல்லாம் அட்டையிலேயே எழுதியிருக்கும். வாசலில் நிற்கும் எவரும் வாசிக்கலாம். எங்கள் வாசலில் இருப்பது பெயின்ட் குறி. யார் போட்டார், எதைப் பார்த்துப் போட்டார், எதைப் பார்க்கவில்லை என்று எங்கும் இல்லை. அறிக்கை எங்கே என்று கேட்டால் தோட்டக் காரியாலயத்தில் என்கிறார்கள். காரியாலயத்தில் கேட்டால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள் என்கிறார்கள். பிரதேச செயலகத்தில் எங்களுக்குக் காட்டப்பட்ட ஒற்றைத் தாள் சிங்களத்தில் இருந்தது, அதில் லயத்தின் இலக்கம் மட்டும் இருந்தது, காம்பராவோ குடும்பமோ இல்லை. எங்கள் மொழியில் அரசிடமிருந்து எழுத்தில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது. உயிரோடு விளையாடும் ஒரு தாளுக்காக அந்தச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டிய நிலைமை வரவே கூடாது.

இடிப்பதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. லயத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத விடயங்கள் இதில் உண்டு.

லயம் என்பது தனித்தனி வீடுகளின் வரிசை இல்லை. ஒரு கூரை, ஒரு முகட்டு வளை, இரண்டு காம்பராவுக்கு ஒரு நடுச்சுவர். கருங்கல்லை மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. தொங்க வீட்டை மட்டும் இடித்தால் அடுத்த வீட்டின் நடுச்சுவர் தாங்கலில்லாமல் வெளிச்சுவராகிவிடும். வளை அந்தரத்தில் நிற்கும். மழை நேரே அந்தச் சுவரில் அடிக்கும், மண்சாந்து கரையும். இடிக்கும் திட்டத்தில் முதலில் நான்கு காம்பரா, பிறகு மற்றவை என்று சொல்லப்பட்டது. அந்த “பிறகு” வரும்வரை நடுவில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

மேட்டு லயத்தின் பின்சுவரையும் யாரும் பார்க்கவில்லை. முகட்டின் ஓரத்தை வெட்டித்தான் லயத்துக்கு இடம் எடுத்திருக்கிறார்கள். பின்பக்க மண் இடுப்பளவுக்குச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. அந்தச் சுவர் இத்தனை காலமும் மண்ணை அணைத்துக்கொண்டு நிற்கிறது. பெக்கோவின் வாளி அதை ஒரே இழுவையில் சாய்த்தால் பின்னாலிருக்கும் மண்ணும் கூடவே வரும். பிறகு கல்லையும் மண்ணையும் எங்கே கொட்டுவீர்கள்? பாதை ஒரு பக்கம்தான் இருக்கிறது. வழமைபோலப் பள்ளத்துப் பக்கம் தள்ளினால் அது போய் விழும் இடம் பன்னிரண்டாம் நம்பர் மலையின் தலை. ஏற்கெனவே வெடித்து இறங்கிக்கொண்டிருக்கும் சரிவின் உச்சியில் ஒரு லயத்தின் பாரத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதும், அதன் கானை, அதாவது மழைநீர் வடிகாலை, அடைப்பதும், கீழே இருப்பவர்களின் தலைமேல் மலையைத் தள்ளிவிடுவதும் ஒன்றுதான். அதே நேரத்தில் கீழே பணிய லயத்துக்கு ஆட்களைத் திரும்பிப் போகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த இரண்டு உத்தரவையும் ஒரே மேசையில் வைத்து யாராவது படித்தார்களா?

கானைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். தேயிலை மலையில் கான் வெட்டு என்பது ஒரு காலத்தில் கணக்குப் போட்டு நடந்த வேலை. குறுக்குக் கானில் வந்து விழும் மழைத்தண்ணீர் பெரிய கானுக்குப் போய், அங்கிருந்து ஆற்றுக்குப் போய்விடும். மலைக்குள் இறங்காது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போன பிறகு ஆட்கள் குறைந்தார்கள், எங்கள் தோட்டத்தில் கான் வெட்டும் குறைந்தது. பன்னிரண்டாம் நம்பர் மலையின் கான்கள் மண் நிரம்பி, மேலே மானாப்புல் முளைத்துக் கிடக்கின்றன. அந்த மழையெல்லாம் வேறெங்கே போகும்? வீடு கட்டிக்கொடுக்க வருடங்கள் ஆகலாம், கான் தோண்ட ஆகாது. எங்கள் ஆட்களே வெட்டத் தயாராக இருக்கிறார்கள். அது கம்பனிக் காணி, அனுமதி இல்லாமல் கைவைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

மேட்டு லயத்தின் பாதிக் கூரை அஸ்பெஸ்டஸ். பழைய தகரத்தைக் கழற்றிவிட்டு ஆட்கள் கடன் வாங்கிப் போட்ட தகடுகள் அவை. இயந்திரத்தால் நொறுக்கினால் அந்தத் தூள் பக்கத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குள் போகும். அந்தத் தகடுகளை நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுதாக இறக்க வேண்டும், முகக்கவசத்தோடு. இதற்கு ஒரு நாள் கூடுதலாகச் செலவாகும். அந்த ஒரு நாளைக் கொடுங்கள்.

உங்கள் தாளில் மேட்டு லயத்துக்கு இத்தனை காம்பரா என்றிருக்கிறது. கதவை எண்ணியிருக்கிறீர்கள். ஒரு கதவுக்குப் பின்னால் சில இடங்களில் இரண்டு குடும்பம், ஓரிடத்தில் மூன்று. கல்யாணமான மகனுக்கு இஸ்தோப்பை அடைத்துக் கொடுத்திருப்பார்கள், மகளுக்குப் பின்னால் குசினியை நீட்டியிருப்பார்கள். அந்தக் குசினிகள் தாளில் இல்லை. ஆனால் சீட்டுப் பிடித்து, சம்பளத்தில் வெட்டவிட்டு, நகையை அடகுவைத்து ஆட்கள் சொந்தமாகக் கட்டியது அது ஒன்றுதான். முழுதாகச் சேதமான வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா என்று அரசு அறிவித்தபோது முகாமில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பிறகுதான் கேள்விகள் வந்தன. காணி உறுதி எங்கே? வீடு யார் பெயரில்? நாங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் காம்பரா எங்கள் பெயரில் இல்லை. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. சுவர் எங்களுடையது இல்லை என்று நட்டஈட்டை மறுத்துவிட்டு, அதே சுவரை இடிக்க எங்களை வெளியேறச் சொல்வது எப்படிப் பொருந்தும்? உறுதி இல்லாதது எங்கள் குற்றமா?

முகாமைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடசாலை பாடசாலையாக நடக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. பழைய மண்டபத்தில் புத்தகப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கும் பிள்ளைகள் காலையில் என் வகுப்புக்குத்தான் வருகிறார்கள். அவர்களின் அலுப்பை நான் தினமும் பார்க்கிறேன். அந்தக் காரணத்தை வைத்தே அவர்களை வெடித்த மலையின் அடிக்கு அனுப்ப நினைக்காதீர்கள். தோட்டத்தில் மட்டமான இடம் இருக்கிறது. பழைய நாற்றுத் தவறணை இருந்த இடமும், பாவனையில் இல்லாத கொழுந்து மடுவமும் இருக்கின்றன. அவற்றைச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டோம். பதில் இல்லை.

எங்கள் கோரிக்கைகளை எழுதுகிறேன். எல்லாமே உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை.

பணிய லயத்துக்குத் திரும்பலாம் என்ற அறிவித்தலை எழுத்தில் மீளப்பெறுங்கள். மண்சரிவு பற்றிப் படித்த ஓர் அதிகாரி பன்னிரண்டாம் நம்பர் மலைக்கு நடந்து ஏறி, வெடிப்பையும் ஊற்றையும் பார்த்து, எங்கள் கொப்பியிலுள்ள அளவுகளை வாங்கி, தன் கையொப்பத்தோடு அறிக்கை தரும்வரை அங்கே யாரும் குடியேற்றப்படக் கூடாது. அந்த வெடிப்பின்மீது முறையான அளவுக்கருவி பொருத்துங்கள். மழைமானி ஒன்றையும் பாடசாலையில் வையுங்கள். வாசித்து எழுதிவைக்க நாங்கள் இருக்கிறோம்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது தமிழ் தெரிந்த அரச உத்தியோகத்தர் ஒருவரை அழைத்துவாருங்கள். கம்பனி ஊழியர் மொழிபெயர்க்கக் கூடாது. கிராம உத்தியோகத்தரோடு லயத்துக்கு ஒருவராக, அதில் பெண்களும் இருக்கும்படி, எங்கள் ஆட்களும் கூட நடக்க வேண்டும்.

ஒவ்வொரு காம்பராவுக்கும் தனித்தனியாக, தமிழில், அறிக்கையின் பிரதியை அந்தக் குடும்பத்தின் கையில் கொடுங்கள். கட்டடத்தைப் பற்றி என்ன முடிவு, சரிவைப் பற்றி என்ன முடிவு, எந்தத் திகதியில் யார் பார்த்தார், எதைப் பார்க்க முடியவில்லை, எத்தனை மில்லிமீற்றர் மழைக்கு வெளியேற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். முடிவை ஏற்காதவர்கள் மறுபரிசோதனை கேட்க 30 நாள் அவகாசமும், யாரிடம் கேட்பது என்ற விபரமும் அதில் வேண்டும்.

மேட்டு லயத்துத் தொங்க வீட்டுக் குடும்பத்தை உடனே பத்திரமான இடத்துக்கு மாற்றி, அந்தச் சுவருக்கு முட்டுக்கொடுங்கள். மற்றக் குடும்பங்களுக்கு இடம் தயாராகி, அவர்கள் சாமான்களோடு குடிபோன பிறகே இடிப்பு தொடங்க வேண்டும். இடிப்பதற்கு முன் பொறியியலாளர் எழுதிய இடிப்புத் திட்டம் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். எந்தச் சுவர் முதலில், பின்சுவருக்குப் பின்னாலுள்ள மண்ணுக்கு என்ன ஏற்பாடு, அஸ்பெஸ்டஸை யார் எப்படி இறக்குவார், இடிபாடு எந்த வழியாக எங்கே போகும் என்று அதில் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் நம்பர் மலைப்பக்கம் ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது. ஆட்கள் தங்கள் செலவில் போட்ட தகடு, கதவு, ஜன்னல், மரம் எல்லாம் அவர்களுக்கே சேர வேண்டும்.

அந்த மலையின் கான்களை வெட்டக் கம்பனிக்கு உடனே உத்தரவிடுங்கள். கம்பனி செய்யாவிட்டால் எங்களுக்கு அனுமதி கொடுங்கள்.

நட்டஈட்டுக்கும் வீட்டுக்கும் கதவை எண்ணாமல் குடும்பத்தை எண்ணுங்கள். காணி உறுதிக்குப் பதிலாக, குடியிருப்பை உறுதிசெய்யும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் வாக்காளர் இடாப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். புதிய வீடு எங்கே கட்டப்பட்டாலும் அந்த நிலம் பரிசோதிக்கப்பட்டதாக, உறுதியோடு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கட்டும்.

இந்த மடலுக்கான பதிலைத் தோட்டக் காரியாலயத்துக்கு அனுப்பாமல் பாடசாலை அதிபரின் பெயருக்குத் தமிழில் அனுப்புங்கள். வந்ததும் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் நான் அதை வாசிப்பேன். ஒக்டோபரில் மறுபடி பெருமழை தொடங்கிவிடும். அதற்கு முன்பே அந்தப் பதில் எங்கள் கையில் வேண்டும். அது வரும்வரை பணிய லயத்துக்கு எவரையும் அனுப்பாதீர்கள், மேட்டு லயத்தில் பெக்கோவை ஏற்றாதீர்கள்.

இப்படிக்கு,
பணிய லயத்தில் பிறந்த தோட்டப் பாடசாலை ஆசிரியை